அச்சச் சுவை எழுத்தும் ஒரு சிற்றிதழும்

மெய்ப்பாடுகளை எட்டென வகுத்த தொல்காப்பியனார் மருட்கையையும் அச்சத்தையும் அடுத்தடுத்து வைத்தார். அச்சம் பிறக்கும் நிலைக்களன் நான்கனுள்ளும் அணங்கினையே முதலிற் கூறினார். கலிங்கத்துப் பரணியிலே பேய்கள் போர்க்களத்திற் கூழடும் பகுதியைக் கற்றோர், அச்சமும் வியப்பும் நகையும் ஒன்றற்கொன்று எவ்வளவு நெருங்கியவை என்பதை அறிவர். ஆகவே இச்சுவைகள் இலக்கியத்துக்குப் புறம்பானவை என்று தமிழறிந்தார் எவரும் கூறார். எனினும் அச்சியந்திரம் வந்த பின்னர் இவற்றைப் பொருளாகக் கொண்ட கதைக்கும் கவிதைக்கும் ஓர் இடர்ப்பாடு நேர்ந்தது. அவையில் அரங்கேறும் நூலுக்கு ஒரு புரவலன் போதும். சஞ்சிகையில் வரவேண்டிய கதைக்கோ ஆசிரியர் ஒருவரும், அவர் பின்னே காசு கொடுத்து வாங்கும் பல்லாயிரம் வாசகரும் இசைதல் வேண்டும். பேயும் மாயமும் வரும் எழுத்தைப் பெரிய சஞ்சிகைகள் பெரும்பாலும் பிள்ளைத்தனமானது என ஒதுக்கின. அவ்வெழுத்து சிறிய சஞ்சிகைகளின் வாயிலிற் போய் நின்றது. அங்கு நின்றோர் எவ்வாறு வரவேற்கப்பட்டனர், எதைப் பெற்றனர், எதை இழந்தனர் என்பனவற்றை ஐக்கிய அமெரிக்காவில் 1923 முதல் 1954 வரை வெளிவந்த ‘வியேட் ரேல்ஸ்’ என்னும் சஞ்சிகையைக் கொண்டு இங்கு ஆராய்வோம். ‘விந்தைக் கதைகள்’ என அதன் பெயரைத் தமிழாக்கலாம்.

இச்சஞ்சிகையின் முதலிதழ் 1923 மார்ச் மாதத்துக்குரியது. சிக்காக்கோ நகரில் இதனைத் தொடங்கிய ஹெனபேகர் என்பார் எட்கார் அலன் போவின் கதைகளில் ஈடுபாடுடையவர். மரக்கூழிற் செய்த மலிவுத் தாளில் அச்சிட்டு, கண்ணைப் பறிக்கும் அட்டைப்படத்துடன் பெட்டிக்கடைகளில் 25 சதத்துக்கு விற்கப்பட்ட சஞ்சிகை அது. அதனைச் சிற்றிதழ் என்று யாம் கூறுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். அதன் விற்பனை மிகச் சிறந்த காலத்திலும் ஐம்பதினாயிரத்தளவிலேயே நின்றது என்பர். அதே காலத்திற் பொதுமக்கள் விரும்பிப் படித்த பெரிய வாரப்பத்திரிகை ஒன்று இருபது இலட்சத்துக்கு மேல் விற்றது என்பதை உடன் வைத்து நோக்குக. தொடங்கி ஓராண்டு சென்றதும் அது நாற்பதினாயிரம் டொலருக்கு மேற்பட்ட கடனில் மூழ்கிற்று. முதல் ஆசிரியர் எட்வின் பெயாட் விலகினார். 1924 இறுதியிற் பார்ண்ஸ்வேத் றைற் என்பார் ஆசிரியப் பொறுப்பை ஏற்று, 1940 வரை அதனை நடத்தினார்.

றைற்றைப் பற்றிச் சில சொல்லியே தீரவேண்டும். பின்வரும் வரலாறு முழுவதிலும் அவரே வாயிற்காவலர். அவர் இசை விமரிசகராய் இருந்தவர். சேக்ஸ்பியரிடத்து அளவிறந்த பற்றுடையவர். 1935இல் சேக்ஸ்பியர் நாடகம் ஒன்றை மலிவுத் தாளிற் படங்களுடன் அச்சிட்டு விற்க முயன்று கையைச் சுட்டுக்கொண்டார். நடுக்குவாத நோய் அவரைப் பற்றியிருந்தது. 1930ஆம் ஆண்டளவில் தம் பெயரைக் கையொப்பமிடவும் இயலாத நிலைக்கு வந்துவிட்டார். அந்நிலையிலும் மாதந்தோறும் வந்து குவியும் பிரதிகளைப் படித்து, ஏற்றும் மறுத்தும் விடை அனுப்பி வந்தார். அவரைப் பழிப்போர் பலர். அவர் பார்த்த வேலையின் பாரத்தை எண்ணிப் பார்ப்போர் சிலரே.

இனி, கதை ஒன்று அச்சஞ்சிகைக்குச் செல்லும் வழியைக் கூறுவோம். எழுதுவோன் தன் ஆக்கத்தைத் தாளின் ஒரு பக்கத்தில் மட்டும், வரிகளுக்கிடையே இரட்டை இடைவெளி விட்டு, தட்டெழுத்திற் பொறித்தல் வேண்டும். அதனுடன் தன் முகவரி எழுதி முத்திரை ஒட்டிய உறையொன்றையும் வைத்தல் வேண்டும். முத்திரையில்லாப் பிரதி திரும்பி வரும் என எதிர்பார்த்தற்கில்லை. இவ்விதிகள் வெறுஞ் சடங்குகள் அல்ல. இரட்டை இடைவெளி ஆசிரியர் திருத்தங்களை எழுதுதற்கும், அச்சுக்கோப்போர் கண் வழுவாது படித்தற்கும் உரியது. மலிவான சஞ்சிகைக்குப் பிரதிகளைப் பெயர்த்தெழுத ஆள் வைக்க வசதி இல்லை.

இவ்விதியினால் முதலில் இடறியவர் பின்னாளில் அச்சஞ்சிகையின் பெருமையாகவே கருதப்பட்டவராவர். புறொவிடன்ஸ் நகரத்தவரான எச். பி. லவ்கிறாவ்ற் 1923இல் ஐந்து கதைகளை ஒருமித்து அனுப்பினார். உடன் வைத்த கடிதமோ, ஓர் எழுத்தாளன் எவ்வாறு கடிதம் எழுதலாகாது என்பதற்கு எடுத்துக்காட்டாகத் தக்கது. அக்கதைகளில் ஒன்று முன்னரே வேறொரு சஞ்சிகையால் மறுக்கப்பட்டதென்பதைத் தாமே எடுத்துரைத்தார். தம் எழுத்து அச்சேறுவதில் தமக்குப் பெரிய நாட்டமில்லை என்றார். ஏற்பதாயின் ஒரு காற்புள்ளியேனும் மாற்றாமல் அப்படியே வெளியிடல் வேண்டும் எனவும் நிபந்தனை விதித்தார். பெயாட் அக்கடிதத்தையே தம் இதழில் வெளியிட்டு வாசகரை மகிழ்வித்தார். கதைகளைப் பற்றி அவர் கேட்டது ஒன்றே: இரட்டை இடைவெளி விட்டு மீண்டும் தட்டெழுதி அனுப்புக என்பது. தட்டெழுத்து வேலையை அடியோடு வெறுத்த லவ்கிறாவ்ற் சலித்துக்கொண்டே ஒரு கதையை மட்டும் பெயர்த்தெழுதி அனுப்பினார். அது 1923 ஒக்டோபர் இதழில் வெளிவந்தது. ஊதியமின்றி நடத்தப்பட்ட ஓர் அன்பர் சஞ்சிகையில் 1919இலேயே வெளிவந்துவிட்ட கதை அது என்பதும் அறியத்தக்கது.

இத்தட்டெழுத்து வெறுப்பு அவர் வாழ்வில் ஒரு வேடிக்கையையும் ஒரு துயரத்தையும் விளைத்தது. 1924 மார்ச் மாதத்தில், மாயவித்தையாளர் ஹூடினியின் பெயரில் வெளிவரவேண்டிய கதையொன்றை நூறு டொலர் கூலிக்கு எழுதி முடித்து, தட்டெழுத்துப் பிரதியுடன் தம் திருமணத்துக்காக நியூயோர்க் புறப்பட்டார். புகையிரத நிலையத்தில் அப்பிரதி தொலைந்தது. கையெழுத்து மூலம் கைவசமிருந்தமையால், திருமண நாட் காலையிற் பாதியைத் தட்டெழுதினார். எஞ்சியதைத் தேனிலவுக்குச் சென்ற பிலடெல்பியாவில் மணமகள் வாசிக்கத் தட்டெழுதி முடித்தார். இது வேடிக்கை. துயரம் யாதெனில், 1927இல் அவர் எழுதிய ஏறக்குறைய ஐம்பதினாயிரம் சொற்கள் கொண்ட நெடுங்கதையொன்றைத் தட்டெழுத மனமின்றி ஒரு பக்கம் வைத்துவிட்டார். அதனை எந்த ஆசிரியரும் அவர் வாழ்நாளிற் காணவில்லை. அவர் இறந்து நான்காண்டுகளின் பின், 1941இல், சுருங்கிய வடிவிலே அதே வியேட் ரேல்ஸ் அதனை வெளியிட்டது. மறுக்கப்பட்டு அழிந்த எழுத்தைப் பற்றியே யாம் பேசுகின்றோம். அனுப்பப்படாமற் கிடந்த எழுத்தின் கணக்கை யார் அறிவார்? இன்று மின்னஞ்சல் ஒரு நொடியிற் கதையைக் கொண்டு சேர்க்கின்றது. மேசையறைக்குள் இருக்கும் கதை அன்றும் இன்றும் ஒரே தூரத்திலேயே இருக்கின்றது.

ஊதியத்தின் நிலை பின்வருமாறு. உரைநடைக்குச் சொல்லொன்றுக்கு அரைச் சதம் முதல் ஒரு சதம் வரை கொடுத்தனர். லவ்கிறாவ்ற் போன்ற ஒரு சிலருக்கே ஒன்றரைச் சதம் வரை உயர்ந்தது. 1929இல் வெளிவந்த அவருடைய நெடிய கதையொன்றுக்கு 240 டொலரும், 1931இல் வந்த மற்றொன்றுக்கு 350 டொலரும் கிடைத்தன. கேட்பதற்குப் பெருந்தொகையாகத் தோன்றினும், அத்தகைய கதை ஆண்டுக்கு ஒன்றோ இரண்டோ எழுதுபவர்க்கு அது குடும்பம் நடத்தப் போதாது. மேலும், பணம் கதையை ஏற்றபோதன்று, வெளியிட்டபோதே கொடுக்கப்பட்டது. ஏற்ற கதை ஓராண்டுக்கு மேலும் ஆசிரியர் பெட்டியில் உறங்கலாம். அதுவரை எழுதியவன் கை வெறுமை.

கவிதைக்கு வேறு கணக்கு. வரியொன்றுக்கு 25 சதம் அளித்தனர். சஞ்சிகை ஒன்றின் விலையும் அதுவே. ஆதலாற் கவிஞன் தான் எழுதிய ஒவ்வொரு வரிக்கும் ஓர் இதழை வாங்கலாம் எனப் பேசிச் சிரித்திருக்கலாம். பதினான்கு வரிகளைக் கொண்ட சொனற் என்னும் யாப்பில் லவ்கிறாவ்ற் எழுதிய தொடரிலிருந்து பத்துப் பாடல்களை றைற் ஏற்று 1930, 1931 ஆண்டு இதழ்களில் வெளியிட்டார். ஒவ்வொன்றுக்கும் மூன்றரை டொலர், பத்துக்கும் முப்பத்தைந்து. சொல்லளவில் நோக்குவார்க்கு, கவிதை கதையைவிட உயர்ந்த கூலி பெற்றது விளங்கும். ஆயினும் கதை முடிந்த பக்கத்தின் எஞ்சிய வெற்றிடத்துக்கு அளவாக அமையும் சிறு பாடலே எளிதில் இடம்பெற்றது. பக்க அமைப்புக்காகப் பாட்டைத் தேடுவது பாட்டுக்கு இழுக்கு என்று கருதுவாரும் உளர். எமக்கு அவ்வாறு தோன்றவில்லை. பொதுமக்கள் படிக்கும் மலிவுச் சஞ்சிகையொன்று முப்பதாண்டுகள் இடையறாது செய்யுளை அச்சிட்டதென்பது, எக்காரணத்தாலாயினும், போற்றத்தக்கதே. கலிபோர்ணியாவில் ஓபேண் என்னும் சிற்றூரில் வாழ்ந்த கிளாக் அஷ்ரன் சிமித், பத்தொன்பது வயதிலேயே கவிதை நூல் வெளியிட்டுப் புகழ்பெற்றவர். முதிய பெற்றோரைப் பேணுதற்குக் காசு வேண்டியே அவர் விந்தைக் கதைகளுக்குத் திரும்பினார். அவர் உரைநடையிலும் செய்யுளின் நடை ஒலித்தது. அதுவே அவர்க்கு இடையூறுமாயிற்று. சொல்வளம் மிக்க பகுதிகளை வெட்டுமாறு ஆசிரியர்கள் கேட்டனர். வறுமையால் அவரும் பலமுறை இணங்கினார்.

இனி றைற்றின் தீர்ப்பு முறைக்கு வருவோம். இதுவே இவ்வரலாற்றின் நடுநாயகமான பகுதி. அவர் நல்ல கதையை அறியாதவரல்லர். நல்ல கதையை அறிந்த பின்னும், வாசகர் இதனைப் பொறுப்பரோ என்று ஐயுறுவார். இதழின் ‘கழுகுக் கூடு’ என்னும் கடிதப் பகுதியில் வாசகர் தமக்குப் பிடித்த கதைகளுக்கு வாக்களித்தனர். அவ்வாக்குகள் அவர் உள்ளத்தில் எப்போதும் நின்றன. ஆதலால் இன்று மறுத்த கதையை ஆறு மாதத்தின் பின் மீண்டும் அனுப்புமாறு அவரே கேட்பது வழக்கமாயிற்று. லவ்கிறாவ்ற்றின் கதைகளுள் இன்று உலகெங்கும் அறியப்பட்டதாகிய ‘குதுலுவின் அழைப்பு’ 1926இல் எழுதப்பட்டு, அவ்வாண்டிலேயே மறுக்கப்பட்டது. 1927இல் டொனல்ட் வொன்ட்றை என்னும் இளைஞர், வழியிற் போகும் வண்டிகளில் இடங்கேட்டுப் பயணஞ் செய்து புறொவிடன்ஸ் நோக்கிச் செல்கையிற் சிக்காக்கோவில் றைற்றைக் கண்டு, அக்கதையைப் புகழ்ந்து, ஆசிரியர் அதனை வேறு சஞ்சிகைக்கு அனுப்பக்கூடும் என்றும் ஒரு சொல் போட்டுவைத்தார். றைற் கதையைத் திரும்பக் கேட்டார். லவ்கிறாவ்ற் அதனை அனுப்பும்போது, மனிதரின் சட்டங்களும் விருப்புவெறுப்புகளும் பேரண்டத்தின் பரப்பில் ஒரு பொருட்டல்ல என்பதே தம் கதைகளின் அடிப்படை என விளக்கி எழுதினார். 1928 பெப்ரவரி இதழில் 165 டொலருக்கு அது வெளிவந்தது. கதையில் மாற்றமில்லை, ஆசிரியரின் எண்ணமே மாறியது.

இத்தன்மையை நன்கு உணர்ந்து பயன்கொண்டவர் விஸ்கொன்சின் மாநிலத்து ஓகஸ்ட் டேர்லத். 1926 மே இதழிற் பதினேழு வயதிலே தம் முதற்கதையைக் கண்ட இவர், மறுக்கப்பட்ட கதையைச் சிலகாலம் வைத்திருந்து மீண்டும் மீண்டும் அனுப்புவார். றைற்றும் ஒருநாள் ஏற்பார். லவ்கிறாவ்ற்றின் இயல்பு இதற்கு நேர்மாறானது. 1931இல், தென்துருவத்துப் பனிமலைகளுக்கப்பால் மனித இனத்துக்கு முற்பட்ட நகரொன்றைக் காண்போரைப் பற்றி, 115 தட்டெழுத்துப் பக்கங்களில் நெடுங்கதையொன்று எழுதினார். அதனைத் தட்டெழுதியது அவர்க்கு எத்துணைத் துன்பமாயிருந்திருக்கும் என்பதை மேலே கூறியவற்றால் உணரலாம். மிக நீண்டது, பகுதிகளாகப் பிரித்தற்கு இசையாதது, மெய்போலத் தோன்றாதது என்று றைற் திருப்பியனுப்பினார். கதையைத் திருத்தவோ மீண்டும் அனுப்பவோ லவ்கிறாவ்ற் முயலவில்லை. அம்மறுப்பும் அதனையொட்டிய பிறர் மறுப்புக்களுமே தம் கதையெழுத்தை முடிவுக்குக் கொணர்ந்தன எனப் பின்னாளில் நண்பர்க்கு எழுதினார். அடுத்து எழுதிய கதையை அவர் எங்கும் அனுப்பவில்லை. டேர்லத் அவரறியாமலே 1933இல் அதனை றைற்றுக்கு அனுப்பினார், அதுவும் மறுக்கப்பட்டது. அவ்வாறு அவரறியாமல் அனுப்பிய மற்றொரு கதை ஏற்கப்பட்டு அவ்வாண்டு யூலை இதழிலே வந்தது.

இவ்விடத்து யாரிடம் குறை காண்பது? றைற்றைக் குருடர் என்று கூறுவது எளிது. பலர் கூறியும் உள்ளனர். 1930 இறுதியளவிற் சஞ்சிகையின் பணம் இருந்த வங்கி முடங்கியது. 1931இற் சில இதழ்கள் இரு மாதத்துக்கு ஒருமுறையே வெளிவந்தன. அத்தகைய நாளில் நாற்பதினாயிரம் சொற்கள் கொண்ட, காதலோ சண்டையோ உரையாடலோ இல்லாத நெடுங்கதையை இரு மாத இடைவெளியிற் பகுதி பகுதியாக வெளியிட எந்த ஆசிரியர் துணிவார்? அவர் மறுத்தது ஒரு வணிகனின் அச்சத்தால் என்போம், அவ்வச்சம் காரணமற்றதன்று. எனினும் லவ்கிறாவ்ற்றின் பக்கத்தில் நின்று நோக்குவார்க்கு வேறொன்று தோன்றும். அவர் எழுதியவற்றை வாங்கக்கூடிய கதவு ஏறக்குறைய ஒன்றே இருந்தது. பல கதவுடைய தெருவில் ஒரு வீட்டார் இல்லை என்றால் அது ஒரு சொல். ஒரே கதவுடைய தெருவில் அது தீர்ப்பு. அவர் வேறு கதவுகளைத் தட்டாதது அவர் குற்றமே என்பாரும் உளர். முகவர் ஒருவர் முயன்றபோது அதே நெடுங்கதையை வேறொரு சஞ்சிகை 350 டொலருக்கு வாங்கி 1936இல் மூன்று இதழ்களில் வெளியிட்டதே அதற்குச் சான்று. ஆனால் அங்கே பந்திகள் துண்டாடப்பட்டு, முடிவிலே சில பகுதிகள் நீக்கப்பட்டிருந்தன. காற்புள்ளியையும் மாற்றலாகாது என்று 1923இல் எழுதியவர், தம்மிடமிருந்த இதழ்களிற் பென்சிலால் ஒவ்வொரு பிழையையும் திருத்திக்கொண்டிருந்தார். 1937 மார்ச் 15ஆந் திகதி, 46ஆம் வயதில் அவர் காலமானார்.

ரெக்சாஸ் மாநிலத்துக் குரொஸ் பிளேன்ஸ் என்னும் ஊரினரான றொபேட் ஹவாட் மறுப்பை வேறு வகையாகக் கையாண்டார். பதினெட்டு வயதில் எழுதிய அவருடைய முதற்கதை 1925 யூலை இதழில் 16 டொலருக்கு வந்தது. அரசனொருவனைப் பற்றி எழுதி மறுக்கப்பட்ட கதையொன்றை எடுத்து, வீரனை மாற்றி, மாயமும் அச்சமும் சேர்த்துப் புதுக்கி எழுதினார். 1932 டிசெம்பரில் வெளிவந்த அக்கதையிலேதான் கொனான் என்னும் புகழ்பெற்ற வீரன் முதன்முதல் தோன்றினான். மறுப்பை மூலப்பொருளாகக் கொள்ளும் இவ்வாற்றல் வியக்கத்தக்கது. ஆனால் ஏற்கப்பட்ட கதைகளே அவர்க்குத் துன்பமாயின. பொருளாதார மந்தக் காலத்திற் சஞ்சிகை கதைகளை வெளியிட்டுவிட்டுப் பணத்தைத் தவணை தவணையாகவும் காலந்தாழ்த்தியும் கொடுத்தது. 1935 மே மாதத்தில் அவர் றைற்றுக்கு எழுதிய கடிதமொன்றில், தமக்கு வரவேண்டியது 800 டொலருக்கு மேல் என்பதையும், தாயாரின் நோய்ச் செலவு தம்மை நெருக்குவதையும் எடுத்துக்கூறி, ஒவ்வொரு மாதமும் ஒரு சிறு தொகையாவது அனுப்புமாறு வேண்டினார். சொல்லொன்றுக்குச் சதக் கணக்கில் நோக்கின், எண்பதினாயிரத்துக்கு மேற்பட்ட சொற்களின் கூலி அது. 1936 யூன் 11ஆந் திகதி, தாயார் இனிக் கண்விழியார் என்று அறிந்த வேளையில், முப்பது வயதில் அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அதற்குச் சஞ்சிகையே காரணம் என்று கூறுவது பொருந்தாது. அவர் மனத்துயர் பழையது. ஆயினும் அக்கடன் அவர் இறக்கும்போதும் தீர்ந்திருக்கவில்லை.

புதியோர்க்கு இச்சஞ்சிகை காட்டிய முகம் இனியது என்பதையும் மறைத்தலாகாது. 1928 ஓகஸ்ட் இதழில், எரொடோற்றசு கூறிய எகிப்திய அரசியின் பழிவாங்கலைப் பொருளாகக் கொண்ட கதையொன்று வெளிவந்தது. அதனைப் பள்ளி மாணவர் ஒருவர் பதினாறு வயதில் எழுதி 35 டொலர் பெற்றார். அவரே பின்னர் ரெனசி வில்லியம்ஸ் என உலகறிந்த நாடகாசிரியர். இந்தியானாபொலிசில் வங்கியொன்றில் வேலைபார்த்த பெண்ணொருத்தி, வேறு வருவாய் தேடுவதை மேலாளர் அறியாதிருக்கும்பொருட்டு, சி. எல். மூர் எனத் தலைப்பெழுத்துக்களை மட்டும் இட்டுக் கதை அனுப்பினார். அதனைப் படித்த மகிழ்ச்சியில் றைற் அன்று அலுவலகத்தையே மூடி விடுமுறை விட்டார் என்று கூறுவர். 1933 நவம்பரில் வந்த அக்கதையின் ஆசிரியர் பெண் என்பது பல வாசகர்க்கு நெடுநாள் தெரியாது. றொபேட் புளொக் என்னும் சிறுவன் லவ்கிறாவ்ற்றுக்குக் கடிதம் எழுத, அவர் நீயும் எழுது என ஊக்கினார். 1935 சனவரி இதழில், பதினேழு வயதில், அவன் கதை வந்தது. பெரிய சஞ்சிகை எதுவும் இவர்களின் உறையைப் பிரித்திருக்குமா என்பது ஐயமே.

திரும்பி வந்த கதைகள் எங்கே சென்றன? சில, இன்னுஞ் சிறிய இதழ்களுக்குச் சென்றன. 1933 செத்தெம்பரில் சாள்ஸ் ஹோணிக் என்னும் பதினேழு வயது இளைஞர் நியூயேர்சியில் ‘த பன்ரசி பான்’ என்னும் மாத இதழைத் தொடங்கினார். எழுதுவோர்க்கு ஊதியம் இல்லை. வாங்கியோரும் மிகச் சிலரே. எனினும் வியேட் ரேல்ஸ் மறுத்த கதைகளை லவ்கிறாவ்ற்றும் ஹவாட்டும் சிமித்தும் மனமுவந்து அதற்கு அளித்தனர். கொனான் கதைகளுள் ஒன்று, வீரனின் பெயர் மாற்றப்பட்டு, 1934 மார்ச் இதழில் அங்கே வந்தது. அச்ச இலக்கியத்தின் வரலாற்றைப் பற்றி லவ்கிறாவ்ற் எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரையும் தொடராக வந்தது. பதினெட்டு இதழ்களுடன் 1935 பெப்ரவரியில் இதழ் நின்றது. கட்டுரையும் இடைநடுவே நின்றது. திருத்திய முழுவடிவம் 1939இலேயே அச்சேறியது. டேர்லத்தும் வொன்ட்றையும் அவ்வாண்டில் தாமே பதிப்பகம் நிறுவி வெளியிட்ட லவ்கிறாவ்ற்றின் பெருந்தொகுதியில் அது இடம்பெற்றது. அத்தொகுதியின் 1,268 பிரதிகள் விற்றுத்தீர நான்காண்டுகள் சென்றன.

றைற் 1940இல் நீக்கப்பட்டு, அவ்வாண்டு யூன் மாதத்திலே காலமானார். அவர்க்குப் பின் டொறதி மக்கில்றெயித் என்னும் அம்மையார் 1954 செத்தெம்பர் இதழுடன் சஞ்சிகை நின்றுபோகும்வரை ஆசிரியராயிருந்தார். அவர் காலத்திலும் பழைய கதையே. றே பிராட்பரியின் பல கதைகளை வெளியிட்ட அச்சஞ்சிகை, அரக்கர் குடும்பத்திற் பிறந்த மானிடச் சிறுவனைப் பற்றிய அவரது கதையைத் திருப்பியது. பெண்களுக்கான நாகரிகச் சஞ்சிகையொன்று 1946இல் அதனை வெளியிட்டுப் பெயர்பெற்றது.

சிமித்தின் கதையைக் கூறாது விடின் இக்கட்டுரை நிறைவுறாது. தம் மனத்துக்கு உகந்த ஆறு கதைகள் ஆசிரியர்களால் மறுக்கப்பட்டபோது, அவர் உள்ளூர்ச் செய்தித்தாளின் அச்சகத்தில் ஆயிரம் பிரதிகள் அச்சிடுவித்து, 1933இல் 25 சத விலையில் தபாலில் விற்றார். ‘இரட்டை நிழல்’ என்பது அவற்றுள் ஒன்று. நூலுக்கும் அதுவே பெயர். ஆறாண்டுகள் கழிந்து, 1939 பெப்ரவரி இதழில் வியேட் ரேல்ஸ் அக்கதையை வெளியிட்டது. அவர் பெற்றோர் இருவரும் அதற்குள் இறந்துவிட்டனர். சிமித்தும் கதையெழுதுவதைப் பெரும்பாலும் நிறுத்தி, தம் ஊர்க் குன்றுகளிற் பொறுக்கிய மென்கற்களிலே சிறு உருவங்களைச் செதுக்கிக்கொண்டிருந்தார்.